பாக்கெட் சாலடா, முழு லெட்டூஸா, கண்ணாடிக்கூட இலையா, வேகவைத்த கீரையா?

2024 நவம்பரில் அமெரிக்காவில் சாலட் இலையான ரோமெய்ன் லெட்டூஸ் வழியாக ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவி, 15 மாநிலங்களில் 89 பேர் நோயுற்றார்கள். ஒருவர் இறந்தார். எந்தப் பண்ணையில் விளைந்தது, எந்த நிறுவனம் பதப்படுத்தியது என்று உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்.டி.ஏ. வெளியே சொல்லவே இல்லை. இப்படி ஒரு பரவல் நடந்ததே 2025 ஏப்ரலில் ஊடகச் செய்தி வந்த பிறகுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் நடத்தும் தமிழ் வாசகர்கள் இதையொட்டிக் கேட்பவை கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 'மூன்று முறை கழுவியது' என்று அச்சடித்த பாக்கெட்டை வாங்குவதா? கட்டாக வரும் முழு லெட்டூஸா? மண்ணே படாமல் கண்ணாடிக்கூடத்தில் வளர்ந்ததா? இல்லை, பச்சையாகத் தின்பதையே விட்டுவிட்டு நம் வழக்கப்படி வேகவைத்துக்கொள்வதா? உழவர் சந்தையையும் வீட்டுத் தோட்டத்தையும் சிலர் கேட்கிறார்கள். அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

பயமுறுத்துவது நோக்கமல்ல. 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டுகளில் கீரை வகைகளோடு தொடர்புடைய 78 பரவல்கள் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில் பதிவாகின. அதே காலத்தில் தினமும் கோடிக்கணக்கான தட்டுகளில் சாலட் வந்து, சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் முடிந்திருக்கிறது. ஆபத்து சிறியதுதான். ஆனால் அது வந்து விழும் வீட்டில் சிறியதாக இருப்பதில்லை, முக்கியமாக சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது கலப்பு. உங்கள் தட்டுக்கு வரும் இலை, வேறு எத்தனை வயல்களின் இலையோடு ஒரே தண்ணீரில் முங்கி எழுந்திருக்கிறது?

அடுத்து வெட்டு. இலையை நறுக்கினால் சாறு கசியும், கிருமிக்கு அது சாப்பாடு. வெட்டிய விளிம்பில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. நறுக்கியதிலிருந்து சாப்பிடும்வரை எத்தனை நாள், எவ்வளவு குளிர் என்பதும் இதோடு சேர்ந்தது. ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் நல்ல குளிரில் பெருகாமல் அடங்கிக் கிடக்கும். லிஸ்டீரியா அப்படியில்லை, ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெதுவாகப் பெருகும்.

மூன்றாவது, தடம். நாளை எச்சரிக்கை வந்தால், உங்கள் ஃபிரிட்ஜில் இருப்பது அந்தச் சரக்குதானா என்று உங்களால் சொல்ல முடியுமா?

நான்காவது, யார் சாப்பிடுகிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, 65 தாண்டிய பெரியவர், கர்ப்பிணி, கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் இது மற்ற மூன்றையும் புரட்டிப்போட்டுவிடும். விலையையும் நேரத்தையும் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈ.கோலையின் கொடிய வகையான ஓ157 உள்ளே போன பிறகு வயிற்றைப் பிடிக்கவே பொதுவாக மூன்று நான்கு நாளாகும். அப்புறம் மருத்துவமனை, மலப் பரிசோதனை, மற்ற நோயாளிகளின் கிருமியோடு மரபணு ஒப்பீடு என்று பல வாரங்கள் போகும். லெட்டூஸின் ஆயுள் அவ்வளவு நீளமில்லை. அதனால் எச்சரிக்கை வரும்போது அந்த இலை பெரும்பாலும் சாப்பிட்டு முடிந்திருக்கும். செய்தியைப் பார்த்து உஷாராகிவிடலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. முடிவைக் கடையிலேயே எடுத்தாக வேண்டும்.

## கிருமி எங்கிருந்து வருகிறது

ஓ157 மாட்டின் குடலில் வாழ்கிறது, மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவின் இலைக் காய்கறியில் பெரும்பங்கு இரண்டே இடங்களிலிருந்து வருகிறது: வெயில் காலத்தில் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமா. இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் மாடுகளும் உண்டு.

2018 வசந்தத்தில் யூமா ரோமெய்ன் 36 மாநிலங்களில் 210 பேரை நோயில் தள்ளியது. 27 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி பாசனக் கால்வாயின் தண்ணீரில் கிடைத்தது. கால்வாயை ஒட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அடைக்கக்கூடிய கொட்டில் ஒன்று இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பரவல். அதன் கிருமி கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா மாவட்டப் பண்ணை ஒன்றின் நீர்த்தேக்கத்து அடிவண்டலில் இருந்தது.

2024இல் எஃப்.டி.ஏ. புதிய பாசன நீர் விதியைக் கொண்டுவந்தது. முன்பு யோசித்திருந்த கட்டாய நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பதிலாக, ஆண்டுதோறும் பண்ணையே தன் நீரின் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்கிறது அது. சோதனைக் குழாயைவிட அக்கம்பக்கத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் பக்கத்து மாட்டுக் கொட்டிலை நகர்த்த அந்த விவசாயியால் முடியாதே! எனக்கு இதில் அரைத் திருப்திதான்.

## கழுவினால் போகாதா?

எல்லாத் தேர்வுகளுக்கும் நடுவே நிற்கும் கேள்வி இது. முழுதாகப் போகாது.

ஆலையில் கழுவும் தண்ணீரில் குளோரின் போன்ற ஏதாவது இருக்கும். அதன் முக்கிய வேலை, ஓர் இலையின் கிருமி தண்ணீர் வழியாக அடுத்த இலைக்குத் தாவாமல் தடுப்பது. இலையில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதில் 90 முதல் 99 சதவீதம் வரை குறையலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓ157க்கு நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒரு மனிதரைப் படுக்கவைக்கப் போதும். இலையின் மடிப்பிலும் மூச்சுத் துளைகளிலும் வெட்டு விளிம்பிலும் உட்கார்ந்திருப்பதைத் தண்ணீர் தொடுவதேயில்லை. சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி குளோரினையும் சட்டை செய்யாது. 2020இல் பாக்கெட் சாலட் வழியாக அமெரிக்காவில் 701 பேருக்கு அது வந்தது.

நம் வீடுகளில் உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீரில் கீரையை முக்கி வைப்போம். புழுவும் மண்ணும் போகும், அதற்காகச் செய்யலாம். கிருமிக்காக அதை நம்பாதீர்கள். பாத்திரத்தில் ஊறவைத்தால் ஓர் இலையில் இருப்பது எல்லா இலைக்கும் பரவவும் வாய்ப்புண்டு. வினிகர் கொஞ்சம் குறைக்கும், ஒழிக்காது. சோப்பு கூடவே கூடாது, இலை உறிஞ்சிக்கொள்ளும். ஓடும் குழாய்த் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகக் காட்டுவதுதான் வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

## 'மூன்று முறை கழுவிய' பாக்கெட்

இதன் வசதியைச் சொல்லவே வேண்டாம். பிரித்தோம், தட்டில் கொட்டினோம், முடிந்தது. கட்டுப்பாடான ஆலையில், கண்காணிப்போடு கழுவப்பட்டது என்பதும் உண்மை.

சிக்கல் கலப்பில் இருக்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, 2006 செப்டம்பரில் நடந்தது அதுதான். கலிஃபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் 2.8 ஏக்கர் ஸ்பினாச் வயல். மாடுகள் மேய்ந்த அதே பண்ணையில் காட்டுப்பன்றிகளும் திரிந்தன. அங்கிருந்து போன இலை சான் வான் பட்டிஸ்டாவில் இருந்த பெரிய ஆலையில் மற்றவற்றோடு சேர்ந்து, டோல் என்ற பெயரில் பாக்கெட்டானது. மூன்று ஏக்கர்கூட இல்லாத அந்த நிலம் 26 மாநிலங்களில் சுமார் 200 பேரை நோயாளியாக்கியது. பாதிப்பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 31 பேருக்குச் சிறுநீரகம் பழுதானது, குறைந்தது மூவர் இறந்தார்கள். நாடு முழுவதும் பச்சை ஸ்பினாச்சைத் தொடாதீர்கள் என்று எஃப்.டி.ஏ. சொன்னது அப்போதுதான். அடுத்த ஆண்டே கலிஃபோர்னிய விவசாயிகள் கூடி இலைக் காய்கறிக்கென்று தனிப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள்.

இயற்கை விவசாயம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த வயல் இயற்கை வேளாண்மைக்கு மாறிக்கொண்டிருந்த வயல். 'ஆர்கானிக்' முத்திரை பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்கிறது, கிருமியைப் பற்றி அல்ல.

இரண்டாவது சிக்கல் ஆலையும் இயந்திரமும். 2021இல் தெரியவந்த லிஸ்டீரியா பரவலில் 18 பேர் நோயுற்று மூவர் இறந்தார்கள். ஐஸ்பெர்க் லெட்டூஸ் அறுக்கும் கருவியில் அந்தக் கிருமி இருந்தது. 2016இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையிலிருந்து போன பாக்கெட்டுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் லிஸ்டீரியாவைக் கொண்டுபோயின.

பாக்கெட்டைத் திறந்ததும் மறுபடி கழுவலாமா என்று பலர் கேட்கிறார்கள். 'கழுவியது, அப்படியே சாப்பிடலாம்' என்று போட்டிருந்தால் வேண்டாம். 2007இலேயே அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இதை ஆராய்ந்து சொல்லிவிட்டது: ஆலைக் கழுவலுக்குத் தப்பியது உங்கள் குழாய்க்கும் தப்பும், பதிலுக்கு உங்கள் தொட்டியில் இருக்கும் கோழி இறைச்சிச் சாறு இலையில் ஏறலாம். வீட்டில் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள் என்றால் தொட்டியைத் தேய்த்துவிட்டுக் கழுவக் கொடுங்கள், சண்டை வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு நாள் கணக்கு. 2016இல் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், பாக்கெட்டுக்குள் கசியும் இலைச்சாறு சால்மோனெல்லாவை வேகமாக வளர்த்தது தெரிந்தது. அதனால் பாதி தின்று கிளிப் போட்டு ஒரு வாரம் வைத்திருக்கும் பாக்கெட், வாங்கியபோது இருந்த பாக்கெட் அல்ல. இலை வழவழப்பானால் தேதி பார்க்காமல் குப்பையில் போடுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பா மலிவு என்று வாங்கிப் பாதியைக் கொட்டுவதற்குச் சின்னதே லாபம்.

வீட்டில் எல்லோரும் திடகாத்திரமாக இருந்து, வாங்கிய ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்றால் பாக்கெட் சரி. பாக்கெட் இல்லையென்றால் காய்கறியே இறங்காது என்பவர்களுக்கும் அதுவே சரி.

## முழு லெட்டூஸ்

ஒரு செடி, ஒரு வயல். ஆலையில் நறுக்குவதில்லை, பிறர் இலையோடு முங்குவதில்லை. மேலிலை இரண்டு மூன்றை உரித்து எறிந்தால் கையும் பெட்டியும் பட்ட பகுதி போய்விடும். கலப்பு, வெட்டு இரண்டிலும் பாக்கெட்டைவிட ஒரு படி மேல்.

ஆனால் வயலிலேயே கிருமி ஏறியிருந்தால் முழு லெட்டூஸும் காப்பாற்றாது. 2018 ஏப்ரல் 13 அன்று சி.டி.சி. முதலில் எச்சரித்தது நறுக்கிய ரோமெய்னைப் பற்றித்தான். ஒரே வாரத்தில் அதை முழு லெட்டூஸுக்கும் நீட்ட வேண்டிவந்தது. காரணம் அலாஸ்காவின் நோம் நகரச் சிறைச்சாலை. அங்கே எட்டுப் பேர் நோயுற்றிருந்தார்கள், சமையலறைக்கு வந்ததோ முழு லெட்டூஸ். விசாரணையில் வேறொன்றும் புரிந்தது. சிறைக்கு வந்த முழு லெட்டூஸை ஒரே பண்ணை வரை பின்தொடர முடிந்தது. நறுக்கிய இலையைப் பின்தொடர்ந்தபோது 23 பண்ணைகள், 36 வயல்கள் என்று பட்டியல் விரிந்துகொண்டே போனது. தடம் என்ற அளவுகோலில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

2018 நவம்பர் பரவலுக்குப் பிறகு ரோமெய்ன் உறைகளில் விளைந்த பகுதியும் அறுவடைத் தேதியும் போடத் தொடங்கினார்கள். எச்சரிக்கை வந்தால் 'சாலினாஸ்' என்றோ 'யூமா' என்றோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடையில் உறையில்லாமல் குவித்து வைத்திருப்பதை வாங்கினால் அந்த வசதி இல்லை. தடத்தை இன்னும் இறுக்கும் அரசு விதி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அதையும் 2028க்குத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'ரோமெய்ன் ஹார்ட்ஸ்' என்று மூன்று குருத்துகளைப் பையில் போட்டு விற்பது பாக்கெட் சாலட் அல்ல. பெரும்பாலும் அது கழுவாதது. பையைப் பார்த்து ஏமாந்து அப்படியே தின்றுவிடாதீர்கள். தண்டை வெட்டிய அடிப்பகுதியில் பால் கசிந்து பழுப்பேறியிருக்கும், அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறியுங்கள்.

ரோமெய்னா, ஐஸ்பெர்க்கா? ரோமெய்னின் தலை மேலே திறந்திருக்கிறது, பாசனத் தண்ணீரும் பறவை எச்சமும் உள்ளே இறங்கலாம். ஐஸ்பெர்க் மூடிய பந்து. எனவே ஐஸ்பெர்க் கொஞ்சம் மேல் என்று சொல்லலாம், சத்து குறைவு. முட்டைக்கோஸ் இன்னும் இறுக்கம். அதுவும் கவசமல்ல: 1981இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் முட்டைக்கோஸ் சாலடால் 41 பேருக்கு லிஸ்டீரியா வந்தது, பெரும்பாலும் கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும். ஆட்டுச் சாணம் போட்டு வளர்த்து, குளிர்காலம் முழுக்கக் குளிரில் வைத்திருந்த கோஸ் அது. லிஸ்டீரியா உணவு வழியாகப் பரவும் என்று முதன்முதலாக நிறுவப்பட்டது அந்தப் பரவலில்தான்.

செலவு, உங்கள் நேரம். உரித்து, இலையிலையாகக் கழுவி, உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அழுகும். வேலை முடிந்து வந்த இரவில் இதைச் செய்வோமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கண்ணாடிக்கூடத்து இலை

மண் இல்லை, மாடு இல்லை, மேலே பறவை இல்லை. வேரோடு டப்பாவில் வரும் லெட்டூஸும் 'உள்ளரங்கில் வளர்ந்தது' என்று எழுதிய கலவை இலைகளும் இந்த வகை. எச்சரிக்கை வரும் வாரங்களிலும் இவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுகிறார்கள். 2018 நவம்பரில் ரோமெய்னையெல்லாம் எறியச் சொன்ன எஃப்.டி.ஏ., சில நாளில் கண்ணாடிக்கூட ரோமெய்னுக்குச் சிக்கலில் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது.

சுவர் இருப்பதால் கிருமி வராது என்று அர்த்தமில்லை. 2021இல் பிரைட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தின் பாக்கெட் இலைகளால் 31 பேருக்கு சால்மோனெல்லா வந்தது. இலினாய் மாநிலத்து ராச்செல்லில் இருந்த அதன் கண்ணாடிக்கூடத்துக்குப் பக்கத்தில் மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று, அதில் அதே கிருமி. ஒரே தண்ணீர் எல்லாச் செடிக்கும் சுற்றிவரும் அமைப்பில் கிருமி நுழைந்துவிட்டால் எங்கும் போகும். ஆனாலும் கணக்கு இவர்களுக்குச் சாதகம்தான்: ஒரு கூடம், சில மாநிலங்கள், சில டஜன் பேர். 2006போல் நாடு தழுவவில்லை.

மறைந்த செலவுகள் உண்டு. விலை அதிகம், பிளாஸ்டிக் அதிகம். தொழிலும் ஆட்டம் காண்கிறது: உள்ளரங்கில் இலை வளர்த்த நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் மனு போட்டது, பவரி 2024இல் கதவடைத்தது. பழகிய பிராண்டு அடுத்த மாதம் கடையில் இல்லாமல் போகலாம். வாங்கும்போது வேரோடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நறுக்கிப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் வெட்டு விளிம்புச் சிக்கல் திரும்ப வந்துவிடுகிறது.

வீட்டில் வயதானவர் இருந்தும் பச்சை சாலட் வேண்டும் என்றால், பச்சையானவற்றில் என் ஓட்டு இதற்கு.

## உழவர் சந்தை, வீட்டுத் தோட்டம்

சந்தையில் கலப்பு குறைவு, யார் விளைத்தது என்று முகம் பார்த்துக் கேட்கலாம். ஆனால் மிகச் சிறிய பண்ணைகள் எஃப்.டி.ஏ.வின் விளைபொருள் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு பெற்றவை. இன்னொன்று, பத்துக் குடும்பத்துக்கு விற்கும் பண்ணையால் மூன்று பேர் நோயுற்றால் அது பரவல் என்று எந்தக் கணக்கிலும் ஏறாமலே போகலாம். சந்தைக் கீரையால் பரவல் வந்ததாகக் கேள்விப்படவில்லையே என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. பாசனத் தண்ணீர் எங்கிருந்து, எந்த எரு என்று விவசாயியிடம் கேளுங்கள். நல்ல விவசாயி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுத் தோட்டத்தில் மூன்று விஷயம். மக்காத சாணத்தைப் போடாதீர்கள், போட்டால் மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். இது அமெரிக்க இயற்கை வேளாண் விதி சொல்லும் இடைவெளி. பாத்திக்குள் கோழி, நாய், மான் வரவிடாதீர்கள். 2011இல் ஆரிகனில் ஸ்ட்ராபெரியில் ஓ157 ஏறியது மான் புழுக்கையால். கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீரைப் பச்சையாகத் தின்னும் இலைமேல் தெளிக்காதீர்கள்.

## வேகவைத்த கீரை

கிருமிகளைப் பொறுத்தவரை இதற்குப் போட்டியே கிடையாது. 2006இல் எஃப்.டி.ஏ. சொன்ன கணக்கு: 71 டிகிரி செல்சியஸில் 15 நொடி இருந்தால் ஓ157 செத்துவிடும். கீரை மசியலோ பொரியலோ கூட்டோ அதைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. பாக்கெட் ஸ்பினாச்சா, இந்தியக் கடையின் முருங்கைக்கீரையா, உறையவைத்த கட்டியா என்ற வேறுபாடும் அடுப்பில் கரைந்துவிடும். உறையவைத்த ஸ்பினாச் மலிவு, வீணாகாது. ஆனால் அதையும் உருக்கி அப்படியே தின்னாமல் கொதிக்கவிடுங்கள். வைட்டமின் சியும் ஃபோலேட்டும் கொஞ்சம் போகும், இழப்பு அவ்வளவுதான்.

ஸ்மூத்தியை வேகவைத்ததோடு சேர்க்காதீர்கள். மிக்ஸியில் அடித்தாலும் அது பச்சைதான்.

நம் சமையலில் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கீரையை வேகவைத்துவிட்டு, ரசத்தை இறக்கிய பின் பச்சைக் கொத்தமல்லியைத் தூவுகிறோம். சட்னியில் அதைப் பச்சையாகவே அரைக்கிறோம். மெக்சிகோவின் புவெப்லா மாநிலக் கொத்தமல்லியில் சைக்ளோஸ்போரா சிக்கல் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்ததால், 2015 முதல் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை அதன் இறக்குமதியை எஃப்.டி.ஏ. நிறுத்திவைக்கிறது. வயல்களில் மனித மலத்தையும் கழிப்பறைக் காகிதத்தையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் இருந்தால் கொத்தமல்லியை ரசம் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள், சட்னிக்கு வதக்கி அரையுங்கள். மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

முளைகட்டிய வெந்தயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2011இல் ஜெர்மனியைக் குலுக்கிய ஈ.கோலை பரவலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. கடைசியில் கீழ் சாக்சனிப் பண்ணை ஒன்றின் முளைகட்டிய பயிர், அதற்கு எகிப்திலிருந்து வந்த வெந்தயம் என்று முடிந்தது. முளைகட்டும் கதகதப்பும் ஈரமும் கிருமிக்கும் அதே அளவு பிடிக்கும். சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | கலப்பு | வெட்டு விளிம்பு | தடம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கழுவிய பாக்கெட் | மிக அதிகம் | மிக அதிகம் | எண் இருக்கும், வயல் தெரியாது | பாதி வீணாவது, நாளாக ஆக ஆபத்து |
| முழு லெட்டூஸ் | குறைவு | அடித்தண்டில் மட்டும் | உறை இருந்தால் நன்று | நேரம், உலர்த்தும் வேலை |
| கண்ணாடிக்கூடம், வேரோடு | குறைவு, தண்ணீர் பொது | இல்லை | மிக நன்று | விலை, நிலையில்லாத வரத்து |
| உழவர் சந்தை | குறைவு | குறைவு | விவசாயியின் வாய்ச்சொல் | கண்காணிப்பு குறைவு |
| வேகவைத்தது | பொருட்டல்ல | பொருட்டல்ல | பொருட்டல்ல | கொஞ்சம் சத்து, கொஞ்சம் மணம் |

உணவகத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை. 1973 முதல் 2012 வரையிலான 606 இலைக்காய்ப் பரவல்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் உணவு உணவகத்திலோ விருந்துச் சமையலிலோ தயாரானது. காரணம் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் நோரோவைரஸ். அது பெரும்பாலும் பரிமாறுபவர், நறுக்குபவர் கையிலிருந்து வருவது, வயலிலிருந்து அல்ல. கர்ப்பமாக இருக்கும்போது பஃபேயின் சாலட் வரிசையைத் தாண்டிப் போய்விடுங்கள், சூடான பதார்த்தம் போதும்.

## யாருக்கு எது

சின்னக் குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோயெதிர்ப்பு குறைந்தவர் இருந்தால் அவர்களுக்கு வேகவைத்தது, மற்றவர்களுக்கு எது விருப்பமோ அது. ஒரே வீட்டில் இரண்டு தட்டு என்பது தொல்லைதான், ஆனால் ஓ157 வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கும், அதிலும் குழந்தைகள் அதிகம் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் தொல்லை சிறியது.

அப்படி யாரும் இல்லாத வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை சாலட் என்றால் முழு லெட்டூஸ். தினமும் சாலட் என்றால் கண்ணாடிக்கூடத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணில்லை. பாக்கெட் என் வரிசையில் கடைசி, ஆனால் தடை அல்ல. சாலினாஸிலிருந்து யூமாவுக்கும் பிறகு திரும்பவும் அறுவடை இடம் மாறும் நவம்பர், ஏப்ரல் வாக்கில் நறுக்கிய ரோமெய்னை மட்டும் நான் தவிர்ப்பேன். மேலே வந்த ரோமெய்ன் பரவல்களின் மாதங்களைப் பாருங்கள், புரியும்.

எச்சரிக்கை வந்துவிட்டால், உறையில் பகுதியையும் தேதியையும் பாருங்கள். தெரியாவிட்டால் எறியுங்கள், ஃபிரிட்ஜ் தட்டைச் சோப்பால் கழுவுங்கள். சாலட் சாப்பிட்ட பத்து நாளுக்குள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், பச்சை இலை சாப்பிட்டதைச் சொல்லி மலப் பரிசோதனை கேளுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாடிக் மீதியையும் போடாதீர்கள், ஓ157 தொற்றில் அது சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக்கூடும். பாக்கெட் குப்பைக்குப் போயிருந்தாலும் கவலையில்லை, கடையின் உறுப்பினர் அட்டையில் வாங்கிய தேதியும் சரக்கும் பதிவாகியிருக்கும். சுகாதாரத் துறையிலிருந்து யாராவது அழைத்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.